கணக்கு நோட்டு யார் கையில்?

என் முதல் நாவலின் கைப்பிரதியை ஒரு பிரசுரகர்த்தரிடம் கொண்டுபோய்க் கொடுத்தபோது எனக்கு மூன்று மாத வீட்டு வாடகை பாக்கி. அவர் கொடுத்த தொகை அந்தப் பாக்கிக்குச் சரியாக இருந்தது. பதிலுக்கு அவர் ஒரு காகிதத்தை நீட்டினார். 'சகல உரிமைகளும்' என்று அதில் எழுதியிருந்தது. 'சகல' என்ற வார்த்தையின் அகலம் எவ்வளவு என்று எனக்கு அன்று தெரியாது. கையெழுத்துப் போட்டேன், காபி குடித்தேன், கும்பிட்டுவிட்டு வந்தேன். வீட்டுக்காரர் சந்தோஷப்பட்டார்.

பல வருஷங்கள் கழித்து, முகமறியாத வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்திலிருந்து அந்த நாவல் ஐந்தாம் பதிப்பு வந்துவிட்டதாகத் தெரிந்துகொண்டேன். நேரே போனேன். பணம் கேட்கப் போகவில்லை. பணத்தின் மேல் எனக்கு உரிமை இல்லை என்பதைத்தான் நானே எழுதிக் கொடுத்திருக்கிறேனே! "அண்ணாச்சி, இதுவரை எத்தனை பிரதி போயிருக்கும்னு தெரிஞ்சுக்கலாமா?" என்று மட்டும் கேட்டேன். அவர் முகம் வாடிவிட்டது. "என்ன தம்பி, கணக்கா கேக்கிறீங்க? நாம என்ன அன்னியமா?" என்றார்.

அவர் நடிக்கவில்லை, நிஜமாகவே அவருக்கு மனசு புண்பட்டுவிட்டது. எனக்கு வெட்கமாகப் போயிற்று. பெரிய மனுஷரிடம் கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டோமே என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் என்னை நானே திட்டிக்கொண்டு வந்தேன். கணக்கு எழுதுவதற்கு அவருக்கு வெட்கமில்லாதபோது, கணக்குக் கேட்பதற்கு நான் ஏன் வெட்கப்பட வேண்டும் என்ற கேள்வி எனக்குத் தோன்றவே இன்னும் சில வருஷங்கள் பிடித்தன.

அந்த மனிதரைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. அவர் கெட்டவர் அல்லர். என் மகளுக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு வீடு தேடி வந்தவர். கெட்டவராக இருந்திருந்தால் விஷயம் சுலபம். நல்லவர் ஒருவரைத் தேடிப் பிடித்தால் தீர்ந்தது. ஆனால் நல்லவரிடமும் இதே கதிதான் என்றால், கோளாறு மனிதரிடத்தில் இல்லை, ஏற்பாட்டில் இருக்கிறது. கணக்கு நோட்டு ஒருவர் கையில், பேனா இன்னொருவர் கையில் என்று இருக்கிறவரையில், நோட்டு வைத்திருப்பவர் தர்மவானாகவும் பேனா வைத்திருப்பவர் யாசகராகவும்தான் இருக்க முடியும். சன்மானம் என்று இதற்குப் பெயர் வைத்திருக்கிறோம். கூலி வாங்குகிறவன் கூலி என்கிறான். உத்தியோகஸ்தன் சம்பளம் என்கிறான். நாம் மட்டும் 'சன்மானம்' என்கிறோம். கொடுத்தால் மரியாதை, கொடுக்காவிட்டால் கேட்க முடியாது என்பதுதானே அந்த வார்த்தைக்கு அர்த்தம்?

கலைஞர்கள் தங்கள் தொழிலுக்குத் தாங்களே முதலாளியாக வேண்டும். அதற்குக் கூட்டுறவைவிட நேர்மையான வழி கிடையாது. இதைச் சொல்லத்தான் வந்தேன். சொன்னவுடன் சிரிப்பவர்கள் உண்டு. 'பால்காரனுக்கும் நெசவாளிக்கும் கூட்டுறவு சரி, கலைஞனுக்கு எதற்கையா?' என்பார்கள். சிரித்து முடிக்கட்டும். நான் முதலில் திருவல்லிக்கேணிக்குப் போகிறேன்.

1904ஆம் வருஷம் திருவல்லிக்கேணியில் சில நடுத்தரக் குடும்பத்துக்காரர்கள் சேர்ந்து ஒரு கூட்டுறவுப் பண்டகசாலை ஆரம்பித்தார்கள். அரிசியும் பருப்பும் வாங்குகிறவர்களே கடைக்கும் சொந்தக்காரர்கள் என்பது ஏற்பாடு. இந்த நாட்டின் மூத்த கூட்டுறவுக் கடைகளில் அது ஒன்று. அதற்குப் பதினாறு வருஷம் கழித்து, 1920இல், கடையத்தில் இருந்த பாரதியார் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். தம்முடைய நூல்களையெல்லாம் நாற்பது புத்தகங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் பத்தாயிரம் பிரதி அச்சிட வேண்டும் என்பது அவர் போட்ட திட்டம். அதற்காக நண்பர்களிடமும் அபிமானிகளிடமும் வட்டிக்குக் கடன் கேட்டார். பணம் சேரவில்லை. புத்தகங்கள் வரவில்லை. மறு வருஷம் அதே திருவல்லிக்கேணியில் அவர் காலமானார்.

அந்தப் பேட்டையில் அரிசி விற்க நாலு பேர் கூட்டாகச் சேர்ந்தார்கள். கவிதை விற்க ஒருவரும் சேரவில்லை. பாரதியார் கடன் கேட்டாரே தவிரப் பங்கு கேட்கவில்லை என்பதையும் கவனியுங்கள். அவரைக் குறை சொல்ல நான் யார்? தம் புத்தகத்தைத் தாமே விற்க வேண்டும் என்று நினைத்ததே அந்தக் காலத்துக்குப் பெரிய துணிச்சல். ஆனால் தனி மனிதன் கடன் வாங்கி முதலாளி ஆவது ஒன்று. பத்துப் பேர் பங்கு போட்டு முதலாளி ஆவது வேறொன்று. முதலாவதில் மழை பெய்தால் ஒருவன் தலை நனைகிறது. இரண்டாவதில் பத்துப் பேருக்கும் சேர்த்து ஒரு கூரை இருக்கிறது.

அவர் எழுத்தின் உரிமை பிறகு கைமாறிக் கைமாறிப் போய், கடைசியில் 1949இல் சென்னை அரசாங்கம் தலையிட்டு அதைப் பொதுச் சொத்தாக்கும் காரியத்தைத் தொடங்கியது. நல்ல காரியம். ஆனால் ஒன்று கேட்கிறேன். ஒவ்வோர் எழுத்தாளனையும் இறந்தபிறகு மீட்டெடுக்க ஓர் அரசாங்கம் வருமா? உயிரோடு இருக்கும்போது அவனே தன்னை மீட்டுக்கொள்ள வழி உண்டா இல்லையா?

உண்டு. மேற்கே மலையைத் தாண்டிக் கோட்டயத்துக்குப் போனால் பார்க்கலாம்.

1945இல் கோட்டயத்தில் பன்னிரண்டு மலையாள எழுத்தாளர்கள் கூடி, 120 ரூபாய் மூலதனத்தில் 'சாகித்ய பிரவர்த்தக சககரண சங்கம்' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். ஆளுக்குப் பத்து ரூபாய்க் கணக்கு. விமரிசகர் எம். பி. பால் முன்னின்றார். காரியதரிசியாக வந்தவர் காரூர் நீலகண்ட பிள்ளை, பள்ளிக்கூட வாத்தியார். மலையாளத்தின் தலைசிறந்த சிறுகதைக்காரர்களில் ஒருவர். சங்கத்தின் முதல் புத்தகம் தகழி சிவசங்கரப் பிள்ளையின் சிறுகதைத் தொகுதி. 1949 முதல் 'நேஷனல் புக் ஸ்டால்' என்ற கடை சங்கத்தின் விற்பனைக் கிளையாயிற்று. ஆக, எழுதுகிறவர்களே அச்சிட்டார்கள், அச்சிட்டவர்களே விற்றார்கள்.

எழுத்தாளனுக்கு அந்தச் சங்கம் கொடுத்த ராயல்டி முப்பது சதவீதம். இந்த எண்ணைக் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஒருமுறை படியுங்கள். நம் ஊரில் பத்து சதவீதம் என்று ஒப்பந்தத்தில் எழுதினாலே அந்தப் பிரசுரகர்த்தருக்கு மாலை போடலாம். அதிலும் எழுதுவது ஒன்று, கொடுப்பது ஒன்று.

முப்பது எப்படிக் கட்டுப்படியாகும் என்று வியாபாரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். காகிதம், அச்சு, பைண்டிங், கடைக்காரர் கமிஷன் எல்லாம் கோட்டயத்திலும் உண்டுதான். அவை போக மிஞ்சுவதை லாபம் என்கிறோம். தனி முதலாளி இருந்தால் லாபம் அவருடைய வீட்டு மாடியாகிறது. அவர் இல்லாத இடத்தில் அது ராயல்டியாகிறது. அடுத்த புத்தகத்துக்குக் காகிதமாகிறது. இதில் மந்திரம் ஒன்றுமில்லை. நம் கடற்கரையில் கரைவலை இழுக்கிறார்களே, அவர்களிடம் கேளுங்கள். வலைக்கு இத்தனை பங்கு, ஆளுக்கு இத்தனை பங்கு என்பார்கள். வலை இன்னொருத்தருடையதாக இருந்தால் வலைப் பங்கு அவருக்குப் போய்விடும். வலையும் இழுக்கிறவர்களுடையதாக இருந்தால் அந்தப் பங்கும் கரையிலேயே நிற்கும். கோட்டயத்துக்காரர்கள் செய்தது அவ்வளவுதான்: வலையைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள்.

மலையாளிகள் நிறையப் படிக்கிறார்கள், அதனால் அங்கே எழுத்தாளன் வாழ்கிறான் என்று நாம் சொல்லிக்கொள்வது வழக்கம். பாதி உண்மை. மீதிப் பாதியை நாம் சௌகரியமாக மறந்துவிடுகிறோம். படிக்கிறவன் கொடுத்த காசு எழுதுகிறவனிடம் வந்து சேர அங்கே ஒரு வாய்க்கால் வெட்டினார்கள். நாம் மழையைப் பார்த்துப் பொறாமைப்படுகிறோம்; வாய்க்காலைப் பார்க்க மாட்டேன் என்கிறோம்.

சரி, இனி ஆட்சேபணைகளுக்கு வருகிறேன். முதலாவது: 'கலைஞனுக்கு வியாபாரம் வராது, அவன் கனவு காண்கிறவன்.' இதைக் கலைஞனுக்குச் செய்யும் மரியாதை என்று நினைத்துக்கொண்டுதான் சொல்கிறார்கள். மாட்டுக்குக் கண்ணைக் கட்டிச் செக்கில் பூட்டுகிறவனும் அது மாட்டின் நன்மைக்காக என்றுதான் சொல்லுவான், தலை சுற்றாமல் இருக்குமாம்!

இன்று கோடிக்கணக்கில் விலைபோகும் பிரெஞ்சு ஓவியங்களை எழுதிய மோனே, ரெனுவார், தெகா, பிஸாரோ முதலியோர் 1873ஆம் வருஷக் கடைசியில் என்ன செய்தார்கள் தெரியுமா? அரசாங்கத்தின் ஓவியக் கண்காட்சி நடுவர்கள் தங்கள் படங்களைத் தள்ளிக்கொண்டே இருந்ததால், கூட்டுறவுச் சங்கம் ஒன்றைப் பதிவு செய்தார்கள். விதிமுறைகளை எழுத முன்மாதிரி வேண்டுமே! பிஸாரோ வசித்த பொந்துவாஸ் ஊரில் ரொட்டி சுடுகிறவர்கள் வைத்திருந்த சங்கத்தின் விதிகளைத்தான் அவர் எடுத்துக்கொண்டு வந்தார். ஓவியனுக்கு ரொட்டிக்காரன் குரு! அங்கத்தினர் எல்லோருக்கும் ஒரே சந்தா, ஒரே உரிமை என்று வைத்துக்கொண்டார்கள். 1874 ஏப்ரல் 15ஆம் தேதி பாரிஸில், நதார் என்ற போட்டோக்காரர் காலி செய்த ஸ்டூடியோவில் முப்பது பேர் படங்களோடு கண்காட்சி திறந்தது. 'இம்ப்ரஷனிஸ்டு' என்ற பெயரே அந்தக் கண்காட்சியைக் கேலி செய்த ஒரு பத்திரிகைக்காரரால் வந்தது.

அது வியாபாரத்தில் வெற்றி பெற்றதா என்றால், இல்லை. அந்த வருஷம் டிசம்பரிலேயே கணக்குப் பார்த்தார்கள். அங்கத்தினர் ஒவ்வொருவர் தலையிலும் 184 பிராங்கு 50 சாந்தீம் கடன் நின்றது. சங்கத்தைக் கலைத்துவிட்டார்கள். 'பார்த்தாயா, நான் சொல்லவில்லையா?' என்று எனக்கு எதிரே இருப்பவர் தொடையைத் தட்டுவார். கொஞ்சம் பொறுக்க வேண்டும். சங்கம் போயிற்று, ஆனால் சேர்ந்து கண்காட்சி வைக்கும் வழக்கம் போகவில்லை. 1886 வரையில் மொத்தம் எட்டுக் கண்காட்சிகள் நடந்தன. நடுவர்களின் தயவில்லாமலே ஜனங்களிடம் போகலாம் என்பதை அவர்கள் கண்டுகொண்டார்கள். அந்த 184 பிராங்கைவிட மலிவாக ஓவிய உலகம் எதையும் வாங்கியதாக எனக்குத் தெரியவில்லை.

சங்கீதத்திலிருந்து ஓர் உதாரணம். 1882இல் பெர்லினில் பில்ஸே என்ற வாத்தியக்குழு முதலாளியிடம் வேலை பார்த்த 54 வித்வான்கள் பிரிந்துபோனார்கள். வார்ஸா நகரத்துக்குக் கச்சேரிக்குப் போக அவர் ரயிலில் நான்காம் வகுப்பு டிக்கெட் எடுத்ததுதான் கடைசித் துரும்பு. அந்த 54 பேர் தாங்களே தங்களை ஆண்டுகொள்வது என்று ஒரு குழு அமைத்தார்கள். அதுதான் இன்று உலகமெல்லாம் கொண்டாடும் பெர்லின் பில்ஹார்மோனிக். அதற்கும் நாற்பது வருஷம் முந்தி, 1842இல் தோன்றிய வியன்னா பில்ஹார்மோனிக் இன்றும் வித்வான்களின் சுயராஜ்யமாகவே நடக்கிறது. யார் வந்து நடத்துவது என்பதை வாசிக்கிறவர்களே தீர்மானிக்கிறார்கள். கனவு காண்கிறவர்களுக்குக் காரியம் தெரியாது என்பவர்கள் ஒருமுறை அங்கே டிக்கெட் வாங்க முயன்று பார்க்கட்டும்.

தூர தேசத்துக் கதை வேண்டாம் என்றால், சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கம் போகலாம். சென்னை ஓவியக் கல்லூரியின் தலைவராக இருந்த கே. சி. எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் 1966இல் கடற்கரை ஓரத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை உண்டாக்கினார்கள். நிலம் வாங்கப் பணம் எங்கிருந்து வந்தது? தர்மப் பிரபு ஒருவரும் எழுதிக் கொடுக்கவில்லை. பாட்டிக் துணி போன்ற கைவினைப் பொருள்களைச் செய்து, சேர்ந்து விற்று, அந்தக் காசில் சேர்த்தார்கள். ஓவியத்தை விற்றுத்தான் சோறு என்றால் வாங்குகிறவனுடைய கூடத்துச் சுவருக்கு ஏற்றபடி வரைய வேண்டி வரும். வயிற்றைக் கைவினை பார்த்துக்கொள்ளட்டும், ஓவியம் சுதந்திரமாக இருக்கட்டும் என்பது பணிக்கரின் யோசனை. பகலில் துணிக்குச் சாயம் தோய்ப்பது கலைக்குக் கேவலம் என்று அங்கே யாரும் மூக்கைப் பிடித்துக்கொண்டிருந்தால் இன்று அந்த இடத்தில் யாரோ ஒரு பணக்காரரின் பங்களா நிற்கும். அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் கலைஞர் கிராமம் நிற்கிறது.

இரண்டாவது ஆட்சேபணை: 'கலைஞர்கள் ஒற்றுமையாக இருக்க மாட்டார்கள்.' இதை நான் ஒப்புக்கொள்கிறேன். இருவர் கூடினால் மூன்றாமவனைப் பற்றிப் பேசுகிற ஜாதி நாங்கள். ஆனால் கூட்டுறவுக்கு ஒற்றுமை வேண்டும் என்று யார் சொன்னது? கணக்கு வேண்டும், விதி வேண்டும், ஒரு ஆளுக்கு ஒரு ஓட்டு வேண்டும். இங்கிலாந்தில் ராச்டேல் ஊர்க்காரர்கள் 28 பேர் 1844இல் கடை திறந்தபோது, ஒருவரை ஒருவர் கட்டித் தழுவிக்கொண்டு திறக்கவில்லை. கலப்படமில்லாத மாவும் வெண்ணெயும் வேண்டும் என்று திறந்தார்கள். அன்பு இருக்கிற இடத்தில் சங்கம் எதற்கு? அன்பை நம்பிக் காரியம் செய்ய முடியாது என்பதால்தானே சங்கமே! என் அண்ணாச்சி என்னிடம் காட்டிய அன்புக்குக் குறைவே இல்லை. கணக்குதான் இல்லை.

மூன்றாவது ஆட்சேபணையை நானே என் மேல் வைத்துக்கொள்ள வேண்டும். பிறர் கதையைச் சொல்லிவிட்டு என் கதையை மறைத்தால் அது யோக்கியமல்ல.

ஒரு காலத்தில் நாங்கள் பதினோரு பேர் இதே கோட்டயத்துக் கதையைப் பேசிப் பேசி மெய்சிலிர்த்து, நாமும் தொடங்குவோம் என்று ஒரு நண்பர் வீட்டு மொட்டை மாடியில் கூடினோம். முதல் கூட்டத்தில் சங்கத்துக்குப் பெயர் வைப்பது பற்றி விவாதம். இரண்டாவது கூட்டத்திலும் அதுவே. தூய தமிழில் வேண்டும் என்று நாலு பேர், எல்லோருக்கும் புரிகிற மாதிரி வேண்டும் என்று நாலு பேர். மற்ற மூவர் சுண்டல் சாப்பிட்டோம். மூன்றாவது கூட்டத்தில் பொக்கிஷதாராக யார் இருப்பது என்ற பேச்சு வந்தது. எல்லோரும் வானத்தைப் பார்த்தோம். கடைசியில், கதையே எழுதாத ஆனால் எங்கள் கதைகளையெல்லாம் படிக்கிற ஒரு பாங்கு குமாஸ்தா, பாவம், ஒப்புக்கொண்டார். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, பதினோரு பெயரையும் எழுதி, கோடு கிழித்து வைத்தார். ஆறு மாதம் நடந்தார். நாலு பேர் பங்குப் பணம் கொடுத்தார்கள். ஏழு பேர் கொடுக்கவில்லை. அந்த ஏழு பேரில் நான் ஒருவன்.

கையில் இல்லாமல் இல்லை. அந்த மாதம் நான் ஒரு பேனா வாங்கினேன். அதன் விலை பங்குத் தொகையைவிட அதிகம். மற்றவர்கள் கொடுக்கட்டும், பிறகு கொடுப்போம் என்று இருந்தேன். அந்தக் குமாஸ்தா நாலு பேர் பணத்தையும் பைசா சுத்தமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நோட்டை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார். "நீங்க எழுதறதுக்கு ஆகும் சார், நிறையப் பக்கம் காலியா இருக்கு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் நான் இதுவரை ஒரு வரி எழுதியதில்லை.

ஆகவே, முதலாளியின் கொடுமையால் மட்டும் நாம் இப்படி இருக்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு வாய் வரவில்லை. 'அண்ணாச்சி' வேண்டியிருக்கிறது நமக்கு. அவர் காகித விலையைக் கவலைப்படுவார். அச்சகத்தோடு சண்டை போடுவார். நூலக ஆர்டருக்கு அலைவார். நாம் அவரைத் திட்டிக்கொண்டு நிம்மதியாக எழுதலாம். கணக்கு நோட்டை அவர் நம்மிடமிருந்து பிடுங்கவில்லை. கனமாக இருக்கிறதென்று நாமே அவர் கையில் கொடுத்தோம். கோட்டயத்தில் காரூர் என்ன செய்தார்? தம் கதை எழுதும் நேரத்தைக் கொடுத்துப் பிறர் புத்தகத்துக்குக் கணக்குப் பார்த்தார். அவர் எழுதாமல் போன கதைகள் எத்தனையோ! மலையாள எழுத்தாளர்கள் வாங்கிய முப்பது சதவீதத்தில் அந்தக் கதைகளின் விலையும் சேர்ந்திருக்கிறது.

கோட்டயத்துச் சங்கத்திலும் எல்லாம் பாலும் தேனுமாக ஓடிவிடவில்லை. பின்னாளில் சச்சரவுகள் வந்தன. விற்பனையைக் கட்டி வளர்த்தவரான டி. சி. கிழக்கேமுறி வெளியேறி, 1974இல் சொந்தமாக 'டி. சி. புக்ஸ்' தொடங்கினார், அது பிரமாதமாக வளர்ந்தது. 'கடைசியில் தனி முதலாளிதானே ஜயித்தார்?' என்று கேட்கலாம். நான் வேறுவிதமாகப் பார்க்கிறேன். தாம் கொடுப்பதை ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்திலேயே ஒரு சங்கம் இருந்தால் எந்தத் தனி முதலாளியும் கொஞ்சம் கவனமாகத்தான் இருப்பார். ரேஷன் கடை இருக்கிற தெருவில் மளிகைக்காரர் தராசைச் சரியாகப் பிடிப்பதில்லையா? சங்கம் எல்லாப் புத்தகத்தையும் போட வேண்டியதில்லை. அது இருந்தால் போதும்.

உண்மையான அபாயம் வேறு திசையில் இருக்கிறது. நம் நாட்டில் கூட்டுறவு என்றவுடன் சர்க்கார் ஞாபகம்தான் வருகிறது. பதிவாளர், தணிக்கை, தனி அதிகாரி, சிவப்பு நாடா! தேர்தலே இல்லாமல் தனி அதிகாரிகள் வருஷக்கணக்கில் ஆண்ட சங்கங்களைத் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. பெர்லின் வித்வான்களுக்கு நேர்ந்ததையும் நினைவில் வைக்க வேண்டும். அவர்களுடைய குழு கடனில் தத்தளித்தபோது, 1934இல், நாஜி அரசாங்கம் பங்குகளையெல்லாம் வாங்கிக்கொண்டது. சம்பளம் ஒழுங்காக வந்தது, சுயராஜ்யம் போயிற்று. வாத்தியம் அதே வாத்தியம்தான். யாருக்காக வாசிக்கிறோம் என்பதைச் சொல்ல வேறொருவர் வந்துவிட்டார். ஆகையால் சர்க்காரிடம் புத்தகம் விற்கலாம். பங்கு விற்கக் கூடாது. நூலகங்கள் வாங்கட்டும், அது ஜனங்களின் வரிப்பணம், ஜனங்களுக்கான புத்தகம். ஆனால் கைதூக்கி ஓட்டுப் போடும் இடத்தில் அதிகாரிக்கு நாற்காலி வேண்டாம்.

இளைஞர்கள் சிலர் சொல்கிறார்கள்: 'ஐயா, இதெல்லாம் பழங்கதை. இப்போது இன்டர்நெட் வந்துவிட்டது. நாங்களே எழுதி நாங்களே வெளியிட்டுவிடுகிறோம். முதலாளியே கிடையாது.' அப்படியா? உன் புத்தகம் எந்தக் கம்பெனியின் கடையில் கிடக்கிறது? எத்தனை பேர் படித்தார்கள் என்பதை யார் எண்ணுகிறார்கள்? இத்தனை சதவீதம் என்று நிர்ணயித்தது யார்? நாளைக்கு அதைக் குறைத்தால் எந்த ஊர்க் கதவைப் போய்த் தட்டுவாய்? என் அண்ணாச்சியிடமாவது பஸ் ஏறிப் போய் ஒரு கேள்வி கேட்க முடிந்தது. அவர் முகம் வாடுவதைப் பார்க்க முடிந்தது. உன் அண்ணாச்சிக்கு முகமே இல்லை. கணக்கு நோட்டு கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது என்பதால் அது உன் கைக்கு வந்துவிட்டதாக நினைத்துக்கொள்ளாதே, தம்பி.

ஆனால் அதே இன்டர்நெட்டில் வேறு மாதிரியும் செய்யலாம் என்று கனடாவில் சிலர் காட்டியிருக்கிறார்கள். புகைப்படங்களை இணையத்தில் விற்கும் கம்பெனி ஒன்றைத் தொடங்கியவர் அதை 2006இல் பெரிய நிறுவனத்துக்கு விற்றுவிட்டார். பிறகு அவரே சிலரோடு சேர்ந்து 'ஸ்டாக்ஸி' என்ற பெயரில் புகைப்படக்காரர்களுக்கே சொந்தமான ஒரு கூட்டுறவை ஏற்படுத்தினார். 2013இல் அது விற்பனையைத் தொடங்கியது. சாதாரண விற்பனையில் பாதி, படம் எடுத்தவருக்கு என்பது அவர்கள் வைத்த விதி. தனி முதலாளியாக இருந்து பார்த்த மனிதர் கூட்டுறவுக்கு வந்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். யந்திரம் மாறினாலும் கேள்வி மாறவில்லை.

செய்ய வேண்டியது என்ன? பத்துப் பேர் போதும். நூறு பேரைச் சேர்த்து மாநாடு போட்டால் தீர்மானம் நிறைவேறும், புத்தகம் வராது. பங்கு எல்லோருக்கும் ஒரே தொகை; அகில உலகப் புகழ் பெற்றவருக்கும் நேற்று முதல் கதை எழுதியவருக்கும் ஓட்டு ஒன்றே. பதிப்புரிமை எழுதியவனிடமே இருக்கட்டும். குறிப்பிட்ட வருஷங்களுக்கு அச்சிட்டு விற்கும் அனுமதி மட்டும் சங்கத்துக்கு. பழைய 'சகல'வை ஒழித்துவிட்டுப் புதிய 'சகல'வைக் கொண்டுவரக் கூடாது. எந்தக் கைப்பிரதியை அச்சிடுவது என்பதை அங்கத்தினரின் தாட்சணியம் தீர்மானிக்கக் கூடாது. பங்கு கொடுத்தவன் எழுதியதெல்லாம் இலக்கியம் ஆகிவிடாது. கணக்குப் பார்க்க ஒருவரை நியமித்து அவருக்கு ஒழுங்காகச் சம்பளம் கொடுக்க வேண்டும். கலைஞனின் உழைப்புக்குக் கூலி கேட்கிற சங்கம், குமாஸ்தாவின் உழைப்பை இனாமாக வாங்கினால் அது விளங்காது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நோட்டு மேஜைமேல் விரிந்து கிடக்க வேண்டும். யாரும் வந்து பார்க்கலாம். 'நாம என்ன அன்னியமா?' என்ற வாக்கியத்தை அந்த அறைக்குள் யாரும் உச்சரிக்கக் கூடாது.

எழுத்துக்கு மட்டும் நான் இதைச் சொல்லவில்லை. நாடகக் குழு, ஓவியர், சிற்பி, நாகஸ்வரக்காரர், சினிமாவில் உழைக்கிறவர் எல்லோருக்கும் இது பொருந்தும். அடூர் கோபாலகிருஷ்ணனும் நண்பர்களும் 1965இல் திருவனந்தபுரத்தில் 'சித்ரலேகா' என்று திரைப்படக் கூட்டுறவைத் தொடங்கியபோது, சினிமாவுக்குக் கூட்டுறவா என்று சிரித்தவர்கள் இருந்திருப்பார்கள். 1972இல் அதன் வழியாக 'சுயம்வரம்' வந்தது. மலையாள சினிமாவின் பாதையே திரும்பியது. முதலாளியின் பணமாக இருந்தால், பாட்டு எங்கே, சண்டை எங்கே என்று கேட்டிருக்கும். அந்தக் கேள்வியைக் கேட்க ஆள் இல்லாததால் அந்தப் படம் சாத்தியமாயிற்று. ஏற்பாடு மாறினால் காசு மட்டுமல்ல, கலையும் மாறுகிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

'சகல உரிமைகளும்' என்று கையெழுத்துப் போட்ட நாளில் நான் விற்றது ஒரு நாவலை மட்டும் என்று நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு நான் எழுதிய ஒவ்வொரு நாவலிலும், இதை அவர் போடுவாரா, இந்த அத்தியாயத்தைப் பார்த்தால் முகம் சுளிப்பாரா என்ற யோசனை ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தது. இரண்டு நாவல்களில் முடிவையே மாற்றினேன். யாரும் மாற்றச் சொல்லவில்லை. அதுதான் கொடுமை.

அந்தப் பாங்கு குமாஸ்தா இப்போது ரிட்டயர் ஆகிவிட்டார். சென்ற மாதம் அவரைப் பார்க்கப் போனேன். நோட்டைக் கொண்டுபோயிருந்தேன். பதினோரு பெயரில் மூவர் இன்று இல்லை. என் பெயருக்கு எதிரே இருந்த காலிக் கட்டத்தைக் காட்டி, பங்குப் பணத்தை மேஜைமேல் வைத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எண்ணிப் பார்த்தார், பேனா கேட்டார், தேதி போட்டு எழுதினார். "ரசீது வேணுமா சார்?" என்றார்.

"வேணும்" என்றேன். இந்த முறை எனக்கு வெட்கமாக இல்லை.